டிவியில் எழுதிய பரீட்சை

‘அதெல்லாம் வராதும்மா’ என்று சொன்னவன் நான்தான். அப்போது பொறியியல் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் போய்ப் படித்து வெளியே வந்த ஒரே ஆள் நான். அதனால் நான் வராது என்றால் அது வராது.

நாங்கள் பிழைக்க வந்த தெலுங்கு ஊரில், ராமச்சந்திராபுரத்துத் தொழிற்சாலைக் குடியிருப்பில், அம்மா மூன்று வீடுகளில் வேலை செய்தாள். அதில் ஒரு வீட்டில் புது லேப்டாப் வாங்கினார்கள். பழைய கம்ப்யூட்டரின் சிபியுவை, அந்தக் கறுப்புப் பெட்டியை மட்டும், தசராவுக்குத் தரவேண்டிய புடவைக்குப் பதிலாக அம்மாவிடம் கொடுத்துவிட்டார்கள். உன் பையன் கம்ப்யூட்டர்தானே படிக்கிறான், எடுத்துட்டுப் போ என்று அந்த வீட்டு மேடம் சொன்னாராம். மானிட்டரைத் தரவில்லை. வாசல் கேமராவில் யார் வருகிறார்கள் என்று பார்க்க அது அவர்களுக்குத் தேவைப்பட்டது. மறுநாளிலிருந்து காலை ஆறரை மணிக்கு அந்த மானிட்டரில் முதலில் தெரியும் முகம் அம்மாவுடையதாகத்தான் இருந்திருக்கும்.

ஷேர் ஆட்டோவில் அந்தப் பெட்டியைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். படி ஏறி வந்து கூடத்தின் நடுவில் வைத்தாள். மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டாள்.

“டேய், ஸ்கிரீன் இல்லன்னா இன்னா? நம்ம டிவி கீதே, அத்தோட சொருகினா படம் வராதா?”

“அதெல்லாம் வராதும்மா. அது வேற, இது வேற.”

“ரெண்டும் கண்ணாடிதானடா.”

“நீ சும்மா இரும்மா. தெரியாம பேசாத.”

அவள் சும்மா இருந்துவிட்டாள். ஒரு பழைய நைலான் புடவையை இரண்டாகக் கிழித்து, பெட்டியைச் சுற்றிக் கட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். அந்த ஆயுதபூஜை அன்று மட்டும் வெளியே எடுத்துத் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். ஓடாத மெஷினுக்கு எதுக்கும்மா பொட்டு என்று நான் கேலி செய்தேன்.

உண்மை என்னவென்றால், டிவியின் பின்பக்கத்தை நான் பார்த்ததே இல்லை. அது சுவரில் திருகி மாட்டப்பட்டிருந்தது. பார்க்காமலேயே சொன்னேன். எனக்குத் தெரியலம்மா என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லவா என்னை ஐந்து வயதில் திருவண்ணாமலைப் பக்கம் விடுதியில் கொண்டுபோய்ச் சேர்த்து, பன்னிரண்டு வருடம் என் முகம் பார்க்காமல் இங்கே பாத்திரம் தேய்த்தாள்? அப்படித்தான் அன்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தெரியாது என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை என்று நினைத்தேன்.

அடுத்த வருடம் மழைக்காலத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. பத்து நாள்தான்.

அதன்பிறகு வீட்டில் மூன்று பேர். அப்பா தொழிற்சாலை கேன்டீனில் கான்ட்ராக்டரிடம் வேலை. பெரிய பெரிய அண்டாக்களைக் கழுவுவார். அக்கா என்னைவிட ஐந்து வயது மூத்தவள். ஒரு மருந்து கம்பெனியில் மாத்திரை அட்டைகளை டப்பாவில் அடுக்குவாள். அவள் பள்ளிக்கூடம் போனதே இல்லை. எந்த மாத்திரை எது என்று அட்டையின் நிறத்தை வைத்துச் சொல்வாள், தப்பாது. ஆனால் பஸ்ஸின் நெற்றியில் என்ன எழுதியிருக்கிறது என்று பக்கத்தில் இருப்பவரைத்தான் கேட்பாள். தமிழ், தெலுங்கு, இங்கிலீஷ் மூன்றும் அவளுக்கு ஒன்றுதான். வீட்டுக்கு வரும் எந்தக் காகிதத்தையும் நான்தான் படித்துச் சொல்ல வேண்டும். கரண்ட் பில், கேஸ் சிலிண்டர் மெசேஜ், அப்பாவின் பிஎஃப் சீட்டு, எல்லாம்.

அம்மாவின் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு, டிவிக்கு நேர் எதிர்ச் சுவரில் மாட்டினோம். சட்டத்தின் கீழே ஒரு சிவப்பு ஜீரோ வாட்ஸ் பல்பு. கேன்டீன் எலக்ட்ரீஷியனை அழைத்துவந்து, அப்பாவே பக்கத்தில் நின்று, ஒயரைச் சுவரோடு கிளிப் அடிக்க வைத்தார். அந்த இடத்தையும் அப்பாதான் தேர்ந்தெடுத்தார். “அவ சீரியல் பாக்கட்டும்” என்றார். அவர் சொன்ன ஒரே ஜோக் அதுதான். சொல்லிவிட்டுப் போய் வெளியே நின்றுகொண்டார்.

பட்டம் வாங்கி ஒன்றே முக்கால் வருடம் ஓடியது. நான் பார்த்த வேலைகளை எழுதினால் இந்தக் கட்டுரை வேறு திசையில் போய்விடும். சாப்பாட்டுப் பையோடு கச்சிபௌலியின் அடுக்குமாடிகளில் சர்வீஸ் லிஃப்டில் ஏறியிருக்கிறேன். என்னோடு படித்தவன் ஒருவனே ஒருநாள் கதவைத் திறந்தான். இருவருமே தெரியாதவர்கள் போல நடந்துகொண்டோம். அது அவனுடைய நல்ல குணமா கெட்ட குணமா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

அப்போதுதான் கச்சிபௌலியில் ஒரு கம்பெனியிலிருந்து தேர்வுக்கு அழைப்பு வந்தது. பட்டம் பெற்று இரண்டு வருடத்துக்குள் இருப்பவர்களைத்தான் அவர்கள் எடுப்பார்கள். இன்னும் மூன்று மாதத்தில் என் பட்டம் அவர்கள் கணக்கில் பழசாகிவிடும். பெரிய கம்பெனிகள் பலவற்றிலும் அதே விதிதான். ஆகவே இந்த முறை விட்டால் அந்தக் கதவு எனக்குச் சாத்தப்பட்டுவிடும். வீட்டிலும் எல்லோருக்கும் இது தெரியும். நான்தான் படித்துச் சொன்னேனே.

தேர்வை வீட்டிலிருந்தே எழுத வேண்டும். கேமரா வழியாக ஒருவர் கண்காணிப்பார். மொபைலில் எழுதக் கூடாது, லேப்டாப்போ கம்ப்யூட்டரோ வேண்டும். பிரவுசிங் சென்டர் கூடாது. அறையில் வேறு ஆள் இருக்கக் கூடாது. சுவரில் குறிப்புகள், போஸ்டர்கள் கூடாது.

லேப்டாப் வைத்திருந்த நண்பனைக் கேட்டேன். “கம்பெனி லேப்டாப் புரோ, வேற எதுவும் இன்ஸ்டால் பண்ண விடாது” என்றான். உண்மையாகவும் இருக்கலாம். போனை வைத்துவிட்டுக் கட்டிலுக்கு அடியில் குனிந்து அந்தப் பெட்டியை இழுத்தேன். நைலான் புடவையின் முடிச்சு இறுகிப்போயிருந்தது. அம்மா போட்ட முடிச்சு. கத்தரிக்கோலால் வெட்டினேன்.

மானிட்டர் வாங்கும் நிலைமை இல்லை. வேறு வழியில்லாமல்தான் டிவியைச் சுவரிலிருந்து இறக்கினோம். அப்பா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். கட்டிலின் மேல் கவிழ்த்து வைத்தோம். பின்பக்கம் ஒட்டடை. அதைத் துடைத்தபோது, ஆன்டெனா துளைக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் மூடி போட்டபடி, மானிட்டர் கேபிளைச் சொருகும் நீலச் செருகி இருந்தது. பதினைந்து துளை. சிபியுவின் முதுகில் இருப்பதும் அதே நீலம், அதே பதினைந்து. கல்லூரியில் வைவா என்ற வாய்மொழித் தேர்வில் அந்தத் துளைகள் ஒவ்வொன்றும் எதற்கு என்று சொல்லி நல்ல மார்க் வாங்கியிருக்கிறேன்.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

“இன்னாடா அப்பிடியே பாத்துகினு கீற? உள்ள பாம்பு எதனா கீதா?” என்றார் அப்பா.

“இல்லப்பா. இடம் இருக்கு. சொருகலாம்.”

“மொதல்லயே இருந்துச்சா, இப்பதான் மொளைச்சுதா?”

நான் அந்த பிளாஸ்டிக் மூடியை நகத்தால் நெம்பினேன்.

ஒன்றரை மீட்டர் கேபிள்தான் கிடைத்தது. டிவியை மறுபடி சுவரில் மாட்டினால் அது தரை வரை எட்டாது. அரிசி டின்னைக் கொண்டுவந்து கீழே நிறுத்தி, அதன் மேல் சிபியுவை வைத்தோம். சொருகிப் போட்டேன். பெட்டி உறுமியது. டிவி நீலமாகி, சிக்னல் இல்லை என்றது. ஒரு மணி நேரம் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகுதான் கவனித்தேன், பெட்டியின் முதுகில் நீலச் செருகி இரண்டு இருந்தது. ஒன்று மேலே, ஒன்று கீழே படுக்கைவாட்டில். படம் காட்டுவதற்கென்று உள்ளே தனி அட்டை போட்டிருந்தால் மேலே இருப்பது வேலை செய்யாது. கீழே மாற்றினேன். இப்போது சிக்னல் வந்தது, ஆனால் இந்த அளவுப் படத்தை என்னால் காட்ட முடியாது என்று டிவி சொல்லிற்று. பெட்டியை அணைத்து, படத்தைச் சிறிதாக்கும் முறையில் எழுப்பி, டிவிக்குப் பிடித்த அளவுக்கு இறக்கி வைத்தேன்.

படம் வந்தது. யாரோ ஒரு குழந்தை கடற்கரையில் நிற்கும் புகைப்படம் முப்பத்திரண்டு அங்குலத்துக்கு விரிந்தது. அந்த மேடத்தின் மகளாக இருக்கும். அம்மா தினமும் தலை பின்னிவிட்டதாகச் சொல்வாளே, அந்தப் பெண்.

அக்கா சமையலறையிலிருந்து ஓடிவந்தாள். “ஹவ்! அம்மா சொன்னா மாதிரியே வந்துச்சி பாருடா!”

அவளுக்கு ஞாபகம் இருந்தது. நான் மவுஸைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டேன்.

அந்தக் கேபிளில் சத்தம் வராது. அதற்கு ஒரு மெல்லிய ஒயர் தனியாக, சிபியுவின் பச்சைத் துளையிலிருந்து டிவிக்கு. இயர்போன் போடக் கூடாது என்று விதி. நெட்டுக்கு என் போனை ஒயரால் பெட்டியோடு இணைத்தேன். மைக் உள்ள பழைய வெப்கேமரா ஒன்றை நடைபாதைக் கடையில் வாங்கி, டிவியின் உச்சியில் ரப்பர் பேண்டால் கட்டினேன். டிவி எங்கேயோ அங்கேதான் கேமரா. கேமரா எதைப் பார்க்கிறதோ அது எதிர்ச் சுவர். இதை நான் எழுதும்போதே உங்களுக்குப் புரிந்திருக்கும். எனக்கு அன்று புரியவில்லை.

தேர்வு காலை பதினொரு மணிக்கு. அக்காவுக்குக் காலை ஷிப்ட். ஆறு மணிக்கெல்லாம் தலைக்குக் குளித்துவிட்டு, அம்மாவின் படத்தைத் துடைத்து, பெரிதாகப் பொட்டு வைத்து, சாமந்தி மாலை போட்டாள். அமாவாசைக்கும் வெள்ளிக்கிழமைக்கும் மட்டும் எரியும் பல்பை, அன்று புதன்கிழமையாக இருந்தும், போட்டுவிட்டாள்.

“அம்மா பாத்துக்குவா. நீ பயப்படாம எழுதுடா.”

“பல்ப அணைச்சுட்டுப் போக்கா. வீணா எதுக்கு?”

“நக்கோ நக்கோ. எரியட்டும். நான் வந்து அணைக்கறேன். நீ கைய வைக்காத.”

அவள் போனபிறகு விதிகளை இன்னொரு முறை படித்தேன். மூன்று சாமிகள் இருந்த காலண்டரைக் கழற்றினேன். ஃபார்முலா எழுதி ஒட்டியிருந்த தாளைக் கிழித்தேன். கண்ணாடியைத் திருப்பி வைத்தேன். அம்மாவை எடுக்கத் தோன்றவில்லை. அம்மா போஸ்டர் இல்லை. ஆளும் இல்லை. அந்தப் பட்டியலில் எந்த வரியிலும் அவள் வரவில்லை.

அப்பாவுக்கு மதிய ஷிப்ட். அவரை வெளியே அனுப்ப வேண்டியிருந்தது.

“ஒன்றரை மணி நேரம்பா. உள்ள வரவே கூடாது. ஜன்னல்ல எட்டிக்கூடப் பாக்கக் கூடாது. தண்ணி வேணும்னாலும் கேக்கக் கூடாது.”

“என் வூட்ல தண்ணி குடிக்க எவன்டா பர்மிசன் தரணும்?”

“ப்பா, விளையாடாதப்பா.”

“சரிடா, சரி. கலெக்டர் ஆபீசு.” பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார்.

டிவி உயரத்தில் இருந்ததால் தரையில் உட்கார்ந்தால் என் முகம் கேமராவில் சரியாக விழவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் தலையணை போட்டு உட்கார்ந்து, தலையை அண்ணாந்து வைத்துக்கொண்டேன். மடியில் பரீட்சை அட்டை, அதன் மேல் மவுஸ். கேள்விகள் கையளவு எழுத்தில் வந்தன. முதல் இருபது நிமிடம் எல்லாம் எனக்குத் தெரிந்தவை. அந்த இருபது நிமிடத்தை இப்போது நினைத்தாலும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. நான் முட்டாள் இல்லை என்பதற்கு என்னிடம் இருக்கும் சாட்சி அதுதான்.

பிறகு திரையின் மேலே சிவப்பாக ஒரு வரி ஓடியது. அறையில் இன்னொரு நபர் இருக்கிறார். முதல் எச்சரிக்கை.

அப்பாதான் என்று நினைத்தேன். திரும்பக் கூடாது என்பதால் முன்னால் பார்த்தபடியே கத்தினேன். “அப்பா! எட்டிப் பாக்காதன்னு சொன்னேன்ல!”

“நான் கீய கீறேன்டா!” என்று தெருவிலிருந்து குரல் வந்தது. “பீடி புடிச்சிகினு கீறேன். அதுக்கும் வேணாமா?”

அப்பா இல்லை. வேறு யார்? எச்சரிக்கை மறுபடி ஓடியது. இரண்டு. மூன்றானால் தேர்வு மேலிடத்துக்குப் போகும் என்று விதியில் இருந்தது. உடனே டிவியின் ஸ்பீக்கரிலிருந்து ஓர் ஆண்குரல் வந்தது. அக்கா முதல்நாள் சீரியல் பார்த்த அதே சத்தத்தில் டிவி இருந்தது. வீடே அதிர்ந்தது.

உங்களுக்குப் பின்னால் இருக்கும் பெண் யார் என்று அந்தக் குரல் இங்கிலீஷில் கேட்டது.

திரும்பினேன். அம்மா சிவப்பு வெளிச்சத்தில், புதுப் பொட்டோடு, என் தலைக்கு மேலாக டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தட் இஸ் மை மதர், சார்” என்றேன். என் வாயில் அதுதான் முதலில் வந்தது. போட்டோ என்று வரவில்லை.

“ப்ளீஸ் ஆஸ்க் யுவர் மதர் டு லீவ் த ரூம்.”

உங்கள் அம்மாவைத் தயவுசெய்து அறையை விட்டு வெளியே போகச் சொல்லுங்கள். மரியாதையாகத்தான் சொன்னார். அவரைக் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. அவர் முன்னால் என்னைப்போல ஐம்பது அறுபது முகங்கள் இருந்திருக்கும். அவரும் ஏதோ ஒரு வாடகை வீட்டில், கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கலாம்.

“போட்டோ சார். ஷீ இஸ் நோ மோர்.”

“ஓகே. ப்ளீஸ் ரிமூவ் இட். யுவர் டைம் இஸ் ரன்னிங்.”

நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினேன். சட்டத்தை ஆணியில் கம்பியால் முறுக்கிக் கட்டியிருந்தார் அப்பா. பல்பு ஒயர் சட்டத்தின் அடியில் இரண்டு கிளிப்பால் இறுகியிருந்தது. எடுக்க முடியவில்லை. வெட்ட நேரம் இல்லை. படத்தைப் பிடித்து, கம்பியோடு சேர்த்து, அப்படியே திருப்பினேன். அம்மாவின் முகம் சுவரோடு போயிற்று. மாலை முறுக்கிக்கொண்டு பாதிப் பூக்கள் உதிர்ந்தன. பின்பக்கம் பழுப்புத் தாள், ஸ்டுடியோவின் ரப்பர் ஸ்டாம்ப், ஒரு பல்லி முட்டை. சிவப்பு பல்பு இப்போது அதற்கு எரிந்தது.

“இன்னாடா, டிவில எவனோ மதர் மதர்ன்றான்?”

அப்பா வாசலில் நின்றார். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. மதர் தெரியும். இரண்டிரண்டு படிகளாகத் தாவி ஏறி வந்திருக்க வேண்டும், மூச்சு இரைத்தது.

“அவள ஏண்டா திருப்பற?”

“வெளிய போப்பா.”

“கேக்கறேன்ல. ஏண்டா திருப்பற?”

“கேமராவுல தெரியக் கூடாதாம்பா!”

“செத்தவ தெரிஞ்சா அவனுக்கு இன்னாடா?”

“ஐயோ, போப்பா வெளிய! என் வாழ்க்கை போவுது! போ!”

திரையின் மூலையில் சின்னப் பெட்டியில் எங்கள் கூடம் தெரிந்தது. நாற்காலி மேல் நான், வாசலில் அப்பா, நடுவில் பழுப்புத் தாள். மூன்றாவது சிவப்பு வரி ஓடியது. அப்பாவுக்கு அதைப் படிக்கத் தெரியாது. என்னைப் பார்த்தார், அந்தத் தாளைப் பார்த்தார், பிறகு செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு இறங்கிப் போனார். செருப்பை ஏன் கையில் எடுத்தார் என்று எனக்குத் தெரியவில்லை. சத்தம் வரக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ.

மீதி ஒரு மணி நேரம் கேள்விகள் எதுவும் மண்டையில் ஏறவில்லை, கடைசி நிமிடத்தில்தான் கடைசி ஐந்து கேள்விகளைப் பார்த்தேன். இரண்டுக்கு விடை எனக்கு நன்றாகத் தெரியும். படித்து முடிப்பதற்குள் நேரம் முடிந்துவிட்டது.

அதன்பிறகு நான் படத்தைத் திருப்பி மாட்டியிருக்கலாம். அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அப்பா ஷிப்டுக்குப் போக மேலே வந்தபோதும் அப்படியே இருந்தேன். அவரும் படத்தைத் தொடவில்லை. சட்டையை மாற்றிக்கொண்டிருந்தபோது அக்கா வந்துவிட்டாள்.

“இன்னாடா இது? யார் திருப்புனது?”

“உன் தம்பியக் கேளு” என்றார் அப்பா. “படிச்சவன்.”

“தூசி தட்டினேன்க்கா” என்றேன்.

“பரீட்ச அன்னிக்கா தூசி தட்டுவ? தட்டுனவன் திருப்பி மாட்ட மாட்ட?” அவள் நாற்காலியில் ஏறினாள். கம்பி முறுக்கைப் பொறுமையாகப் பிரித்து, முகத்தை இந்தப் பக்கம் கொண்டுவந்தாள். உதிர்ந்த பூக்களைப் பொறுக்கி முந்தானையில் போட்டுக்கொண்டாள். பல்பைத் தொட்டுப் பார்த்தாள், சுட்டிருக்கும், விரலை ஊதிக்கொண்டாள். “எப்பிடி எழுதின?”

“முதல்ல நல்லா எழுதினேன்.”

“பாத்தியா? நான் பல்பு போட்டுட்டுப் போனதுதான்.”

அப்பா டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போனார். அன்றிலிருந்து அவர் என்னிடம் நேராகப் பேசவில்லை. சாப்பிட்டானான்னு கேளு, லைட்ட அணைக்கச் சொல்லு, எல்லாம் அக்கா வழியாகத்தான்.

கேபிளை நான் கழற்றவில்லை. நேர்காணலும் கேமராவில்தான் நடக்கும் என்று சொல்லியிருந்தார்கள். ரிமோட்டில் ஒரு பட்டனை அழுத்தினால் சீரியல், இன்னொரு முறை அழுத்தினால் கம்ப்யூட்டர். அக்கா அதை ஒரே நாளில் கற்றுக்கொண்டாள். அந்தக் கடற்கரைக் குழந்தையை மாற்றிவிட்டு அம்மாவின் படத்தைப் போடச் சொன்னாள். போடுறேன் போடுறேன் என்று தள்ளிக்கொண்டே வந்தேன்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், மூன்று பேரும் வீட்டில் இருந்தபோது, என் போன் சத்தம் போட்டது. கம்பெனியிலிருந்து மெயில் என்று மட்டும் தெரிந்தது. பிரிக்கவில்லை.

“டிவில போடுடா” என்றாள் அக்கா. “பெருசா பாக்கலாம்.”

“உனக்கென்னக்கா புரியப் போவுது?”

“புரியாட்டி இன்னா? பாக்கறேன். போடு.”

எனக்கும் அப்போது நம்பிக்கை இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. அந்த இருபது நிமிடத்தை வைத்து நான் நம்பிக்கொண்டிருந்தேன். பெட்டியை ஓடவிட்டு, மெயிலைத் திறந்து, எழுத்தைக்கூடப் பெரிதாக்கினேன். அப்பா கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தவர், புரண்டு இந்தப் பக்கம் பார்த்தார்.

ஆறு வரிதான். தேர்வின்போது அறையில் இன்னொரு நபர் இருந்தது பதிவாகியிருப்பதால் உங்கள் விடைத்தாளைக் கருத்தில் கொள்ள இயலாது. இனி இந்தக் கம்பெனியின் தேர்வுகளுக்கு நீங்கள் விண்ணப்பிக்கவும் இயலாது. நன்றி.

அந்த நபர் யார் என்று அதில் இல்லை. படத்தில் இருந்த அம்மாவா, வாசலில் வந்து நின்ற அப்பாவா? பல்பு போட்ட அக்காவின் பெயரும் இல்லை. எழுதிக் கேட்கலாம் என்று பிறகு நினைத்தேன். என்னவென்று கேட்பது?

மூன்று பேரும் அந்த எழுத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒவ்வொன்றும் கட்டைவிரல் நீளம். கூடத்தில் எங்கே உட்கார்ந்தாலும் தெரியும். படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்.

“இன்னாடா போட்டு கீது?”

“மார்க் பத்தலையாம்க்கா.”

“எத்தினி மார்க்கு?”

“அதெல்லாம் போடல. பத்தலைன்னு மட்டும்தான்.”

“எங்க போட்டு கீது? காமி.”

அவள் எழுந்து டிவியின் கிட்டே போனாள். அவளுக்குச் சந்தேகம் இல்லை. என்னைத் தோற்கடித்த அந்த வார்த்தை எப்படி இருக்கும் என்று பார்க்க விரும்பினாள், அவ்வளவுதான். எழுந்து போய் ஏதோ ஒரு வார்த்தையைக் காட்டினேன். அவள் அதன் கீழே விரலை வைத்து இடமிருந்து வலமாக மெதுவாக இழுத்தாள். திரையில் விரல் தடம் விழுந்தது. விரலை எடுத்த பிறகுதான் எதைக் காட்டியிருக்கிறேன் என்று கவனித்தேன். பெர்சன். நபர்.

“இத்தினூண்டு இருக்குது” என்றாள்.

அப்பா கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். இத்தனை நாளுக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

“மார்க் பத்தலையா? அவளத் திருப்பி வெச்சும் பத்தலையா?”

“யார?” என்றாள் அக்கா.

நான் அரிசி டின்னுக்குப் பின்னால் கையை விட்டு, திருகைக்கூடப் பிரிக்காமல், கேபிளைப் பிடித்து இழுத்தேன். திரை நீலமானது. சிக்னல் இல்லை என்று ஒரு சின்னக் கட்டம் அதில் இங்கும் அங்கும் நகர்ந்தது.

அக்கா எதிர்ச் சுவரைப் பார்த்தாள். பிறகு டிவியின் உச்சியில் ரப்பர் பேண்டோடு இருந்த கேமராவைப் பார்த்தாள். அங்கிருந்து மறுபடி சுவருக்கு. ஒரு கோடு போடுவதுபோல அவள் கண் போய்வந்ததை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று ஞாயிற்றுக்கிழமை, பல்பு ஏன் எரிந்துகொண்டிருந்தது என்று நினைவில்லை. எரிந்துகொண்டிருந்தது. அவள் நடந்துபோய் சுவிட்சை அணைத்தாள்.

“ஏம்மா அணைச்சே?” என்றார் அப்பா.

“கரண்ட் பில்லு ஏறுதுப்பா.”

அதன்பிறகு அவள் அமாவாசைக்கும் அதைப் போடுவதில்லை.

ஜீரோ வாட்ஸ் பல்பு அது.